கொண்டி மாட்டிய கதவும் அஞ்சலை கொண்டுவந்த வெற்றிலையும்

பொருத்தனை ஒன்று வைத்துக்கொண்டால் என்ன என்ற யோசனை எனக்கு முதலில் வந்தது, மன்னார்குடியிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில்தான். உட்கார இடம் கிடைக்கவில்லை. இடுப்பில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். தோளில் தொங்கிய பையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்கள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். வழியெல்லாம் வயல்கள் உழுது கலக்கிய சேற்றோடு நடவுக்குக் காத்துக் கிடந்தன. அழுகை வந்தது. பஸ்ஸில் அழ முடியுமா? அடக்கிக்கொண்டு மனசுக்குள் சொன்னேன்: "மாதாவே, அவரைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்துவிடு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன்."

சொன்ன உடனே மனம் லேசாகிவிட்டது. அதுதான் வம்பாகப் போயிற்று.

என்னைப் போலவே வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற சகோதரிகள் நம் கோயில் பங்கில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நடந்தது சென்ற சம்பாவில். அந்தக் களைப்பு இன்னும் எலும்பில் இருக்கிறது.

நான் தஞ்சாவூர் டவுனில் வளர்ந்தவள். டீச்சர் டிரெயினிங் முடித்து, கூத்தாநல்லூருக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அந்த ஊரிலேயே கல்யாணமும் ஆனது. என் கணவர் சவரிமுத்து பண்ணை வீட்டு நிலத்தில் ஒன்பது மாவை, ஏறக்குறைய மூன்று ஏக்கரை, குத்தகைக்குச் செய்கிறவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து அவர்கள் கையில் உள்ள நிலம். புது ஆட்சி வந்தபின் குத்தகைதாரர்களைப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். சட்டம் வந்ததும் பண்ணை வீடுகளுக்குப் பயம் வந்துவிட்டது. பதிவு ஆவதற்குள் ஆளைக் கிளப்பிவிடப் பார்த்தார்கள். குத்தகைதாரர்கள் எல்லோரும் திரண்டு மறியல் செய்தார்கள். என் கணவர் முன்வரிசையில் நின்றார். பிடித்து, மன்னார்குடி கோர்ட்டில் நிறுத்தி, வேனில் ஏற்றித் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்குத்தான் நான் மன்னார்குடி போயிருந்தேன்.

வேன் நகரும்போது ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அவர் கத்தினார். "ஸ்டெல்லா, நாத்து முத்துறதுக்குள்ள நட்டுடு! வயலச் சும்மாப் போட்டுடாத!"

மற்ற மனைவிகளிடம் அவரவர் புருஷன்மார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. எனக்குக் கிடைத்தது இது. கோபம்கூட வந்தது. ஆனால் அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. நடவு முடிந்து பச்சை தட்டின வயலில் வேறு யாரும் அவ்வளவு சுலபமாக இறங்க முடியாது. நடாமல் கிடந்தால், "குத்தகைக்காரன் விட்டுவிட்டுப் போய்விட்டான்" என்று சொல்லிப் பண்ணை வீட்டு ஏர் உள்ளே வந்துவிடும். அப்புறம் எந்தச் சட்டம் வந்தும் பிரயோசனமில்லை. அந்த ஒன்பது மாவும் நிற்பதும் போவதும் இனி என் கையில்.

என் கையோ ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தது.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, பங்குனியில் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. காலையில் அவரைத் துடைத்து, வேட்டி மாற்றி, கஞ்சி ஊட்டி, பிள்ளையைக் குளிப்பாட்டி, அவளைத் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் ஓடுவேன். வகுப்பின் பின்பக்கத்து உத்தரத்தில் தூளி கட்டியிருந்தேன். கரும்பலகையில் வகுத்தல் கணக்கு, காதில் தூளிச் சத்தம். மதிய மணி அடித்ததும் வீட்டுக்கு ஓட்டம். மாமாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அவருக்கு ஊட்டிவிட்டு, நின்றபடியே நான் இரண்டு வாய் போட்டுக்கொண்டு, திரும்ப ஓட்டம். வீட்டில் இருக்கும்போது பள்ளிக்கூடத்தை நினைத்துப் பதறுவேன். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வீட்டை நினைத்துப் பதறுவேன். இரண்டு இடத்திலும் நான் முழுசாக இல்லை.

இதைத் தாங்க நான் கண்டுபிடித்த வழிதான் பொருத்தனை. எனக்கு எதையும் சட்டென்று ஆரம்பித்துவிடுகிற புத்தி. என் அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ந்தவர். பஸ்ஸில் வைத்த பொருத்தனை மனசை லேசாக்கியதா, அடுத்த கஷ்டத்துக்கு அடுத்தது வைத்தேன். மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. "மாதாவே, பிள்ளை பிழைத்தால் காலைக் காப்பியை விட்டுவிடுகிறேன்." பிழைத்தாள். காப்பி போயிற்று. மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. சனிக்கிழமை தோறும் உபவாசம் என்று நேர்ந்தேன். காய்ச்சல் இறங்கியது. சாப்பாடு போயிற்று. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று பெரிய வாத்தியார் சொன்னார். தினமும் முழு ஜெபமாலை, அதுவும் முழங்காலில், என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். வேலை தாங்க முடியவில்லை என்று வேண்டப் போய், ஒவ்வொரு வேண்டுதலுக்கும் ஒரு வேலையைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அப்போது அது எனக்குத் தெரியவில்லை. பக்தி பெருகுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முழங்காலில் இருந்தபடியே தூங்கிவிழுவேன். விழித்ததும், விட்ட மணியிலிருந்து தொடங்குவதா முதலிலிருந்து தொடங்குவதா என்று குழம்பி, முதலிலிருந்தே தொடங்குவேன்.

இதற்கிடையில் வயல். உறவுக்காரர் ஒருவர் தம் மாட்டைக் கொண்டுவந்து உழுது, பரம்படித்துச் சமன் செய்து கொடுத்துவிட்டார். நாற்றங்காலில் நாற்று தயாராக நின்றது. நடுவதற்குப் பெண்கள்தான் வேண்டும். எங்கள் ஊரில் அஞ்சலை என்பவள்தான் நடவுக்குப் பெண்களைக் கூட்டி வருகிறவள். அவள் பேச்சுக் கொடுத்தால் தெருவே கிளம்பி வரும். நான் ஒருநாள் விடிவதற்கு முன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் தெருவுக்குப் போனேன். எல்லோரும் அதற்கு முன்பே வேறு வயலுக்குக் கிளம்பியிருந்தார்கள். பகலில் பள்ளிக்கூடம். லீவு கேட்டேன். இன்ஸ்பெக்ஷன் முடியும் வரை பேச்சே எடுக்கக்கூடாது என்றுவிட்டார் பெரிய வாத்தியார்.

திரும்பி வரும்போது பண்ணை வீட்டுக் காரியக்காரர் எதிரில் வந்தார். பண்ணையின் வரவு செலவு, ஆள் அம்பு எல்லாவற்றையும் பார்க்கிறவர். மழை இல்லாத நாளிலும் குடை பிடிக்கிறவர்.

"என்ன டீச்சரம்மா, காலங்காத்தால இந்தத் தெருப் பக்கம்?"

"நடவுக்கு ஆள் கேட்க வந்தேங்க."

"நடவா? ஒங்க வயல்லயா?" குடையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். "எவளும் கால் வைக்க மாட்டா. சொல்லிட்டாளுவ. பாடம் நடத்துறதோட வச்சிக்குங்க. அதுதான் ஒங்களுக்கு மரியாத."

நான் நம்பிவிட்டேன். பயந்துவிட்டார்கள், பண்ணை வீட்டைப் பகைத்துக்கொண்டு யார் வருவார்கள் என்று நினைத்தேன். நாற்றங்காலைப் போய்ப் பார்த்தேன். நாற்றின் நுனி பழுக்க ஆரம்பித்திருந்தது. வரப்பிலேயே நின்று, பெரிய பொருத்தனையாக ஒன்று வைத்தேன். மாதா பிறந்தநாளுக்கான நவநாள், அந்த ஒன்பது நாள் ஜெபம், தொடங்க இருந்த சமயம் அது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பங்குக் கோயிலுக்குப் பிள்ளையோடு தினமும் மாலை நடந்தே வருகிறேன், ஒருநாளும் தவற மாட்டேன், நடவுக்கு ஆள் அனுப்பு என்று வேண்டினேன்.

நவநாள் தொடங்கிய நாள் முதல் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வந்து மாமாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, ஆடு நாய் நுழையாதபடி வெளியே கொண்டியை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவேன். வாய்க்கால் மேல் மூங்கில் பாலம், அப்புறம் ஆற்றுப் பாலம், அப்புறம் கோயில். திரும்பி வரும்போது இருட்டிவிடும்.

நவநாள் தொடங்கியபின் மாமாவிடம் ஒரு மாற்றம். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் இடது கையைத் தூக்கிப் பரணைக் காட்டுவார். பரணில் அவருடைய வெற்றிலைப் பெட்டி இருந்தது. வாதம் வந்தபின் வெற்றிலை புகையிலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நான்தான் மேலே எடுத்து வைத்திருந்தேன். அவர் பெட்டியைக் காட்டுவார், வாசலைக் காட்டுவார், மறுபடி பெட்டியைக் காட்டுவார். தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரும்.

"வேணாம் மாமா. டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல?" என்பேன். மறுநாளும் அதே. கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு காட்டினார். "வெத்தலைக்கா இந்த அழுகை? நானே செத்துக்கிட்டிருக்கேன் மாமா," என்று சத்தம் போட்டேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. உபவாச நாள். இன்ஸ்பெக்ஷன் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. காலையிலிருந்து தண்ணீர் தவிர வேறு ஒன்றும் இல்லை. காப்பியும் இல்லை. மாலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மூங்கில் பாலத்தின் நடுவுக்கு வந்தேன். கீழே முறைத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டொரு நாளில் அதுவும் நின்று, முறை அடுத்த ஊருக்குப் போய்விடும். கண் இருட்டியது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, கைப்பிடி மூங்கிலைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்தேனோ. கோயில் மணி கேட்டது. எழ வேண்டும் என்று நினைத்தேன். எழ முடியவில்லை. மகள் என் கழுத்துச் சங்கிலியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். தவறி விழுந்திருந்தால் இவளும் அல்லவா போயிருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது. நான் சொன்னது இவ்வளவுதான்:

"மாதாவே, என்னால் வர முடியவில்லை. என்னிடம் கொடுக்க இனி ஒன்றும் இல்லை. நீயே பார்த்துக்கொள்."

எந்தப் பொருத்தனையும் சேர்க்காமல் நான் செய்த முதல் ஜெபம் அதுதான். சேர்க்கத் தெம்பு இல்லை, அதுதான் காரணம். பக்தி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

மெல்ல எழுந்து வீட்டுப் பக்கம் திரும்பினேன். பொருத்தனை உடைந்தது. என்ன தண்டனை வருமோ என்ற பயத்தோடு நடந்தேன்.

வீட்டு வாசலில் ஐந்தாறு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் அஞ்சலை. கதவின் கொண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வந்துட்டாங்கடி மகராசி! ஏன் டீச்சரம்மா, மூணு நாளா வந்து வந்து இந்தக் கொண்டியப் பாத்துட்டுப் போறோம். பள்ளிக்கொடத்துப் புள்ளைங்கதான் ஒங்களக் கண்டு ஓடுதுங்கன்னா, நீங்க எங்களக் கண்டு ஓடுறீங்களா?"

"நீங்க... வந்தீங்களா? எதுக்கு?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். "எதுக்கா? கல்யாணத்துக்குப் பொண்ணு கேக்க!" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"நடவுக்குத்தான் டீச்சரம்மா," என்றாள் அஞ்சலை. "சவரிமுத்து ஜெயில்ல கெடக்குறது யாருக்காக? எங்க வூட்டு ஆம்பளைங்களுந்தான் அதுல இருக்காங்க. அந்த வயல நடாம வுட்டுருவமா?"

"நீங்க யாரும் வரமாட்டேன்னு சொன்னதா காரியக்காரர் சொன்னாரே."

"எங்ககிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? டீச்சரம்மா வெளியூரு ஆளப் பேசிட்டாங்க, நீங்க போவாதீங்கன்னாரு. அவரு கொடைக்கி அடியில நிண்ணா எல்லாப் பொய்யும் நனையாம இருக்கும்."

"அப்புறம் ஏன் என்னை வழியில பார்த்தும் கேட்கல? தினமும் அந்தப் பக்கம்தானே போறேன்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கோயிலுக்குப் போறவங்கள வழி மறிச்சு நடவு பேசுவாங்களா? அது என்ன வழக்கம்? வெளக்கு வைக்கிற நேரத்துல வூட்டு வாசல்ல வந்து கேக்கணும். வூட்டுப் பொம்பள வெத்தல பாக்குக் குடுக்கணும். வாங்காம வயல்ல எறங்க மாட்டோம். அதான் உள்ள கெடக்குற பெரியவருகிட்ட வாசல்லேருந்தே சத்தம் போட்டுச் சொல்லிட்டுப் போனனே, வெத்தல வாங்க நாளைக்கி வரோம்னு. அவரு சொல்லலியா?"

நான் கொண்டியைக் கழற்றி உள்ளே ஓடினேன். மாமா என்னைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். பெட்டியைக் காட்டினார், வாசலைக் காட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொல்லியிருந்தார். ஒவ்வொரு நாளும் சொல்லியிருந்தார். அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் இடது கையால் என் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது. ஆனால் அது சிரிப்புத்தான்.

பெட்டியை இறக்கித் திறந்தேன். பங்குனியில் வைத்த வெற்றிலை. தொட்டால் பொடியானது. நிலைப்படியில் வெறுங்கையோடு வந்து நின்றேன். "வெத்தல இல்ல அஞ்சலை. கடைக்குப் போய்..."

"கட மூடிருப்பான்." அவள் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப் பாக்கு. என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "இந்தாங்க. இப்ப இது ஒங்களுது. எனக்குக் குடுங்க."

வெற்றிலையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"அட, குடுங்கங்குறேன். நீங்க குடுத்ததாத்தான் கணக்கு. ரெண்டு கையாலயும்."

இரண்டு கையாலும் கொடுத்தேன். அவள் முந்தானையில் வாங்கிக்கொண்டாள். பெண்கள் வாசலிலேயே குலவை போட்டார்கள்.

சகோதர சகோதரிகளே, உதவி அனுப்பு என்று நான் கோயிலில் முழங்காலில் நின்ற நேரத்தில் அந்த உதவி என் வாசலில் நின்றிருக்கிறது. கடைசியில் நான் கொடுக்க வேண்டிய வெற்றிலையையும் அதுவே கொண்டுவந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மூங்கில் பாலத்தில் உட்கார்ந்து, கொடுக்க ஒன்றும் இல்லை என்று சொன்னேனே, அதற்கு மாதா அனுப்பிய பதில் அந்தச் சுருக்குப் பையில் இருந்தது. நான் அப்படித்தான் நம்புகிறேன்.

ஆனால் ஒரு சிக்கல். அஞ்சலையின் ஆட்களுக்கு ஒழிந்த நாள் மறுநாள் ஒன்றுதான். தண்ணீர் முறையும் அதோடு முடிகிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆண்டவருடைய நாளில் வயல் வேலையா? எனக்குப் புதுப் பயம். விடியற்காலைப் பூசை முடிந்ததும் பீடத்துக்குப் பின்னால் உள்ள சக்கிரீஸ்து அறைக்குள் போய்ப் பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கு இன்னும் இரண்டு ஊர்ப் பூசை பாக்கி. மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"காப்பிய வேற விட்டியாம்மா? உபவாசம் வேற? கைக்குழந்தைக்குப் பால் குடுக்குறவ?"

"ஆமா சாமி."

"யாரக் கேட்டு?"

அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பொருத்தனைய எடுத்துவிடவும் மாத்திக் குடுக்கவும் பங்குச் சாமிக்கு அதிகாரம் இருக்கு, தெரியுமா? எல்லாத்தையும் எடுத்துட்டேன். வேளாங்கண்ணிக்குப் புருஷன் வந்ததும் பஸ்ஸுல போ. பஸ்ஸுல வரக்கூடாதுன்னு மாதா சொல்லல. மத்ததுக்கெல்லாம் சேத்து ஒண்ணே ஒண்ணு தரேன். தினம் மத்தியானம் உக்காந்து சாப்பிடு. நின்னுக்கிட்டுச் சாப்பிட்டா பொருத்தனைய மீறினதா ஆகும்."

"இன்னைக்கு நடவு, சாமி?"

"தண்ணி போயிட்டா திங்கக்கிழமை எதுல நடுவ? போம்மா, போயி நடு."

ஓடினேன். வீட்டுக்குப் போய் முதலில் காப்பி போட்டேன். உட்கார்ந்து குடித்தேன். அந்த ருசியை எழுதத் தெரியவில்லை.

நான் வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதி வயல் பச்சையாகியிருந்தது. ஊரில் மிஞ்சியிருந்த ஆண்கள் நாற்றுப் பறித்து முடி முடியாகக் கட்டி வீசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். கரையில் ஒரு பூவரச மரத்தில் மூன்று தூளிகள். என் மகளையும் அங்கே நாலாவதாகக் கட்டினேன். வெயில் ஏற ஏற மரத்தின் நிழல் நகர்ந்தது. தாய்மார்களில் ஒருத்தி நடவை விட்டுவிட்டு ஓடி ஓடி வந்து தூளிகளைப் பார்த்துப் போனாள். அதைப் பார்த்ததும் எனக்கு என் வகுப்பறைத் தூளி ஞாபகம் வந்தது. நான் மட்டும்தான் இப்படி இரண்டாகக் கிழிந்து கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேனே!

காரியக்காரர் குடையோடு வந்து சேர்ந்தார். வயலைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"என்ன டீச்சரம்மா, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா? ஒங்க வேதத்துல இன்னிக்கி வேலை செய்யக்கூடாதே?"

சேற்றிலிருந்து அஞ்சலை நிமிர்ந்தாள். "அவுங்க எங்கங்க நடுறாங்க? அவுங்க கரையிலல்ல நிக்கிறாங்க. நாங்கதான் நடுறோம். எங்களுக்கு ஞாயித்துக்கெழம என்ன, திங்கக்கெழம என்ன? நீங்க வரப்புல பாத்து நில்லுங்க காரியக்காரரே. வரப்பு வழுக்குது, கொட தாங்காது."

சிரிப்பு வயல் முழுவதும் ஓடியது. அவர் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலத்துக்குள் ஒன்பது மாவும் நட்டு முடிந்தது. அன்று இரவே வாய்க்காலில் தண்ணீர் குறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. மாமாவின் கட்டில் பக்கத்தில் பாயைப் போட்டுத் தூங்கிவிட்டேன்.

என் கணவர் நடவு வேர் பிடித்தபின் ஜாமீனில் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வரவில்லை. நேரே வயலுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம். ஆனால் அவர் வரப்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததாக ஆள் வந்து சொன்னபோது கோபம் போய்விட்டது. அன்று இரவு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஸ்டெல்லா, ஜெயில்ல நான் ஒரு பொருத்தன வச்சிருக்கேன்." நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "முதல்ல சாமியார்கிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க."

வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில்தான் போனோம். மாதா முன்னால் நின்று நன்றி சொன்னேன். புதிதாக எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. வாய் வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். குத்தகை வழக்கு இன்னும் நடக்கிறது. மறுபடி மறியல் என்று பேசுகிறார்கள். மாமாவுக்குப் பேச்சு வரவில்லை. காலையில் எழும்போதே களைப்பாக எழுகிற நாட்கள் இன்னும் இருக்கின்றன. மாறியது ஒன்றுதான். இப்போது நான் ஜெபிக்கும்போது, என்னால் இது முடியவில்லை என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். பிறகு சுற்றிலும் பார்க்கிறேன், யார் கை காட்டுகிறார்கள், யார் கூப்பிடுகிறார்கள் என்று. மாமா எதைக் காட்டினாலும் போய்ப் பார்க்காமல் விடுவதில்லை. மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அது பொருத்தனை அல்லவா.

இனி நான் செய்துபார்க்கப் போவதைச் சொல்லி முடிக்கிறேன். குறுவை நடவு நெருங்குகிறது. அந்தப் பூவரச மரத்துத் தூளிகள் என் மனசை விட்டுப் போகவில்லை. வெயிலில் எதற்கு? எங்கள் வீட்டு வாசல் கொட்டகையில் உத்தரம் நீளமாக இருக்கிறது. பத்துத் தூளியாவது கட்டலாம். நடவு நாளில் ஒருத்தி முறை வைத்துத் தங்கினால் பிள்ளைகளையும் பார்க்கலாம், மாமாவையும் ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கலாம். மாமாவின் கட்டிலைக் கொட்டகைக்கே இழுத்துவிடுவோம். அவரால் பேச முடியாது, ஆனால் இடது கையில் ஒரு தட்டும் கரண்டியும் கொடுத்தால் எந்தப் பிள்ளை அழுதாலும் தட்டி ஊரைக் கூட்டிவிடுவார். இந்த யோசனையை அஞ்சலையிடம் சொன்னேன். "பெரியவருக்குக் கூலி என்ன?" என்று கேட்டாள். பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் தெருவில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் இந்தத் தெருவிலா என்று முணுமுணுக்கிறார்கள். நடக்குமா, ஒரே நாளில் கலைந்துவிடுமா, எனக்குத் தெரியாது. இதற்காக எந்தப் பொருத்தனையும் நான் வைக்கவில்லை. முடிந்தவரை செய்கிறேன், மற்றதை நீ பார்த்துக்கொள் என்று மட்டும் மாதாவிடம் சொல்லியிருக்கிறேன். தாங்க முடியாமல் தவிக்கிற சகோதரி யாராவது இதைப் படித்தால், நீங்களும் அப்படியே சொல்லிப் பாருங்கள். சொல்லிவிட்டுச் சற்று நேரம் வீட்டில் இருங்கள்.

நேற்று மாலை கடையில் புது வெற்றிலை வாங்கி மாமாவின் பெட்டியில் ஈரத்துணி சுற்றி வைத்தேன். இன்றோ நாளையோ விளக்கு வைக்கிற நேரத்தில் அஞ்சலை வருவாள். கதவு திறந்திருக்கிறது. உள்ளே மாமா தட்டைத் தட்டித் தட்டிப் பழகிக்கொண்டிருக்கிறார்.